மதிரானின் துவர்ப்பும் வாத்தின் கொழுப்பும்

வாழைக்காய் நறுக்கும்போது ஒரு துண்டைப் பச்சையாக வாயில் போட்டவருக்கும், செங்காயாக இருக்கும் நாவலைக் கடித்தவருக்கும் துவர்ப்பை விளக்க வேண்டியதில்லை. நாக்கு தடித்துப்போகும், கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கும், எச்சில் வற்றும். தமிழ் இதை அறுசுவையில் ஒன்றாக எண்ணி, கடுக்காய்க்கும் பாக்குக்கும் வாழைப்பூவுக்கும் பொதுவாக ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறது. பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலைகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் விளையும் மதிரான் என்னும் சிவப்பு ஒயினுக்குள் நுழைய அந்த ஒரு சொல்லே வாசல். பிரான்சின் சிவப்பு ஒயின்களில் துவர்ப்பு மிகுந்தவற்றைப் பொறுக்கி எடுத்தால் மதிரான் முதல் வரிசையில் நிற்கும்.

பெயரைக் கேட்டதும் மதுவைக் குறிக்கும் மதிரா என்ற சொல் நினைவுக்கு வரலாம். இரண்டுக்கும் உறவில்லை. மதிரான் என்பது ஒரு சிறு கிராமத்தின் பெயர். 11-ஆம் நூற்றாண்டில் அங்கே பெனடிக்டைன் துறவிகளின் மடம் அமைந்தது. ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவுக்கு நடந்துபோன யாத்ரீகர்கள் இந்த வட்டாரம் வழியாகப் போனார்கள், ஒயினின் பெயரும் அவர்களோடு போனது.

மதிரானைப் பற்றிய குறைகளில் பெரும்பாலானவை ஒரே தவறிலிருந்து வருகின்றன. உணவு எதுவும் இல்லாமல், வெறும் வாயில், புட்டியைத் திறந்த கையோடு குடித்துப் பார்த்துவிட்டு "முரட்டு ஒயின்" என்று சொல்லிவிடுகிறார்கள். வாத்தை அதன் கொழுப்பிலேயே வேகவைத்து அதன் கொழுப்பிலேயே சேமித்துவைக்கும் ஒரு சமையலோடு சேர்ந்து வளர்ந்த ஒயின் இது. அந்தக் கொழுப்பை எடுத்துவிட்டால் ஒயினில் பாதியை எடுத்துவிட்ட மாதிரிதான்.

நிலமும் திராட்சையும்

போ, தார்ப் ஆகிய இரு நகரங்களுக்கும் வடக்கே, அதூர் ஆற்றின் இடதுபுறம், வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் குன்றுத் தொடர்கள் உண்டு. உள்ளூர் கஸ்கோன் மொழியில் இந்த நாட்டுப்புறத்துக்கு விக்-பில் என்று பெயர், பழைய ஊர்கள் என்று பொருள். ஜேர்ஸ், ஓத்-பிரனே, பிரனே-அத்லாந்திக் என மூன்று மாவட்டங்கள் இங்கே சந்திக்கின்றன. மதிரான் என்ற பெயரைப் புட்டியில் அச்சிடும் உரிமை இந்த மூன்றிலும் சிதறிக் கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் ஹெக்டேர் தோட்டங்களுக்கு மட்டும்தான். பிரான்சின் பெரிய ஒயின் வட்டாரமான போர்தோவோடு ஒப்பிட்டால் இது ஒரு கொல்லைப்புறம்.

அட்லாண்டிக் கடல் பக்கத்தில் இருப்பதால் மழைக்குக் குறைவில்லை, ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. பெய்யும். வசந்தத்தில் பெய்யும் மழை பூஞ்சணத்தையும் கொண்டுவரும். ஆனால் இலையுதிர்காலத்தில் நிலைமை மாறும். தெற்கே ஸ்பெயினிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் காற்று வெதுவெதுப்பாகவும் உலர்ந்தும் வீசும். பின்தங்கிப் பழுக்கும் திராட்சைக்கு அந்தக் காற்று கூடுதலாக இரண்டு மூன்று வாரம் வாங்கித் தருகிறது. அது இல்லாவிட்டால் இங்கே இந்த ரகத்தைப் பயிரிடுவதே வீண்.

அந்த ரகத்தின் பெயர் தன்னாத். குலை பெரிது, ஒயின் கருஞ்சிவப்பு, புளிப்பும் டானினும் இரண்டுமே அதிகம். டானின்தான் துவர்ப்பைத் தரும் பொருள். பாக்கிலும் தேயிலையிலும் மாதுளைத் தோலிலும் இருக்கும் அதே குடும்பம். திராட்சையில் அது தோலிலும் விதையிலும் காம்பிலும் தங்கியிருக்கும். மதிரானில் சட்டப்படி தன்னாத்தான் பிரதானம். அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்கக் கபெர்னே ஃப்ரான் (இந்த ஊரில் பூஷி என்பார்கள்), கபெர்னே சோவிஞோன், ஃபேர் செர்வாது ஆகியவற்றைக் கலக்கலாம். பூஷி சேர்த்தால் வாசனை கூடி உடம்பு இலகுவாகும். சில பண்ணைகள் எதையும் கலக்காமல் முழுக்கத் தன்னாத்திலேயே செய்கின்றன.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தபோது இந்தப் பகுதியும் தப்பவில்லை. 1948-இல் மதிரானுக்கு அரசின் பிறப்பிடச் சான்று கிடைத்தபோது சான்று பெறுவதற்கே தோட்டம் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. பின்னர் கூட்டுறவுச் சங்கங்கள் அதை மெல்லத் தூக்கி நிறுத்தின. 1980-களில் அலேன் ப்ரூமோன் என்பவர் ஷாத்தோ மோன்துஸ் பண்ணையை வாங்கி, கூழாங்கல் நிறைந்த சரிவுகளில் தன்னாத்தை நட்டு, மகசூலைக் குறைத்து, புதிய ஓக் பீப்பாயில் முழுத் தன்னாத் ஒயினை முதிரவைத்துக் காட்டினார். மதிரானை உலகம் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். இதே தன்னாத் 1870-களிலேயே பாஸ்க் இனத்துக் குடியேறியான பஸ்குவால் ஹரியாகின் கையில் உருகுவே போய்ச் சேர்ந்து, இன்று அந்நாட்டின் அடையாளத் திராட்சையாக இருக்கிறது. அங்கே வெயிலும் ஈரமும் வேறு, ஒயின் இதைவிடச் சற்று மிருதுவாகவே இருக்கும்.

துவர்ப்பைப் பழக்குவது

தோட்டத்தில் முதல் முடிவு அறுவடை நாள். சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்காகத் தன்னாத்தைப் பறித்துவிட முடியாது. சர்க்கரை முந்திக்கொள்ளும், டானின் பின்தங்கும். அதனால் விவசாயி பழத்தை மென்று விதையைத் துப்பிப் பார்க்கிறார். விதை பச்சையாக, நெகிழ்ந்து, கசப்பாக இருந்தால் காத்திருக்க வேண்டும். பழுப்பேறி, கடித்தால் வறுகடலைபோல நொறுங்கினால் பறிக்கலாம். இது பெரும்பாலும் செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுவரை நடக்கும். ஒரு வாரம் அவசரப்பட்டால் வரும் பச்சைத் துவர்ப்பை எந்தப் பீப்பாயும் திருத்தாது. அளவுக்கு மீறிக் காத்தால் ஆல்கஹால் 15 சதவீதம் தொடும், பழ வாசனை ஜாம் வாசனையாகிவிடும்.

பறித்த பழத்தின் காம்பை நீக்கித் தொட்டியில் நொதிக்கவிடுவார்கள். வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். தோலும் விதையும் சாற்றோடு இரண்டு முதல் நான்கு வாரம் ஊறும். மேலே மிதக்கும் தோல் அடையை நாளுக்கு ஒன்றிரண்டு முறை உள்ளே அமுக்க வேண்டும், அல்லது அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே ஊற்ற வேண்டும். இதில் நேரக் கணக்கு முக்கியம். நிறமும் தோலின் டானினும் முதல் நாட்களிலேயே இறங்கிவிடும். விதையின் டானின் ஆல்கஹால் ஏறிய பிறகுதான் கரையத் தொடங்கும். ஆகவே ஆரம்பத்தில் நன்றாகக் கிளறிவிட்டு, பிற்பாதியில் கை வைக்காமல் விடுவதுதான் தன்னாத்துக்குச் சரி. கடைசி வாரத்திலும் விடாமல் கிளறினால் விதையின் கசப்பெல்லாம் ஒயினில் சேர்ந்துவிடும். சக்கையைப் பிழிந்து வரும் ஒயினைத் தனியே வைத்து, ருசி பார்த்து, எவ்வளவு சேர்ப்பது என்று பிறகுதான் முடிவெடுப்பார்கள்.

இங்கேதான் மதிரான் உலகத்துக்கே ஒரு தொழில்நுட்பத்தைக் கொடுத்தது. பீப்பாயின் மரத் துளைகள் வழியாகவும், ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் ஒயினுக்குள் சிறிது ஆக்ஸிஜன் போகும். அது டானினையும் நிறமியையும் ஒன்றோடொன்று கோத்து, கூர்மையை மழுக்கும். ஆனால் பீப்பாய் மாற்றுவது பட்டினிக்குப் பின் விருந்து மாதிரி, மூன்று மாதம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் மொத்தமாகக் கிடைக்கும். பத்ரிக் துகூர்னோ என்ற மதிரான் விவசாயி 1991-இல் வேறு வழியில் முயன்றார். அதே ஆக்ஸிஜனை அளந்து, விடாமல், சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் என்ன? நுண்-ஆக்ஸிஜனேற்றம் என்று இன்று உலகெங்கும் நடக்கும் முறை அப்படித்தான் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் அதை அனுமதித்தது.

கருவி எளிமையானது. ஆக்ஸிஜன் சிலிண்டர், அளவுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, மெல்லிய குழாய், தொட்டியின் அடியில் தொங்கும் நுண்துளைப் பீங்கான் துண்டு. அதிலிருந்து வெளிவரும் குமிழி மேலே போய்ச் சேர்வதற்குள் முழுவதும் கரைந்துவிட வேண்டும். எனவே தொட்டியில் ஒயின் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமாக நிற்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் வாயு மேலே தப்பிப்போய் மேற்பரப்பில் வினிகர் பாக்டீரியாவுக்குத் தீனியாகும். முதல் நொதித்தல் முடிந்து, மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் கட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு லிட்டருக்கு மாதம் 10 முதல் 60 மில்லி லிட்டர் வரை கொடுக்கலாம். அது முடிந்தபின் 1 முதல் 5 மில்லி லிட்டர் போதும். ஒயின் 15 முதல் 18 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே குளிர்ந்தால் ஆக்ஸிஜன் வேலை செய்யாமல் கரைந்து தேங்கும், பிறகு வெப்பம் ஏறும்போது ஒரேயடியாகத் தாக்கும். மேலே சூடேறினால் வேதிவினையும் கிருமிகளும் கட்டுக்கடங்காமல் போகும்.

ருசி பார்ப்பவருக்கு இது பொறுமைச் சோதனை. ஆக்ஸிஜன் கொடுக்கத் தொடங்கியதும் துவர்ப்பு முதலில் குறையாது, கூடும். பல வாரம் அப்படி ஏறிய பிறகே இறங்கி மிருதுவாகும். ஏறும் கட்டத்தில் பயந்து நிறுத்தினால் ஒயின் அங்கேயே உறைந்துவிடும். இறங்கிய பின்னும் நிறுத்தாமல் விட்டால் டானின் உலர்ந்து தூளடித்த மாதிரியாகிவிடும், பழ வாசனை போய்விடும், அதிலிருந்து திரும்ப வழியில்லை. மீட்டரை மட்டும் நம்பி நாக்கை நம்பாதவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். இந்த முறை இயற்கையானது அல்ல என்று முகம் சுளிப்பவர்கள் மதிரானிலேயே உண்டு. ஆனால் நல்ல பழத்தின் மேல் நிதானமாகச் செய்த நுண்-ஆக்ஸிஜனேற்றத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பழுக்காத பழத்தை மறைக்க அதைப் பயன்படுத்தும்போதுதான் ஒயின் முகமற்றதாகிறது.

வாய்க்குள் நடப்பது

எச்சிலை வழவழப்பாக வைத்திருப்பவை அதிலுள்ள புரதங்கள். டானினுக்கு அவற்றின்மேல் தீராத பற்று. ஒரு மிடறு மதிரான் உள்ளே போனதும் டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரித்துவிடுகிறது. வழவழப்பு போய் நாக்கும் கன்னமும் உரசிக்கொள்கின்றன. நாம் துவர்ப்பு என்பது இந்த உரசலைத்தான். புது எச்சில் ஊறி வருவதற்குள் அடுத்த மிடறு குடித்தால் முதலில் வந்ததன்மேல் அது ஏறி நிற்கும். மூன்றாவது மிடறில் இன்னும் கூடும். உணவில்லாமல் குடிப்பவருக்கு மதிரான் போகப் போகக் கடுமையாவதன் காரணம் இதுதான், ஒயின் மாறவில்லை, வாய்தான் வறண்டுகொண்டே போகிறது.

இப்போது இடையில் ஒரு வாய் வாத்துக்கறியை வையுங்கள். இறைச்சியின் புரதம் டானினுக்கு வேறு துணையைத் தருகிறது. கொழுப்பு நாக்கின்மேல் படலமாகப் படிந்து உரசலைக் குறைக்கிறது, தன் பங்குக்கு டானினையும் பிடித்துவைக்கிறது. உப்பு கசப்பை அடக்குகிறது. மறுபக்கம், நாலைந்து வாய்க்குப் பிறகு திகட்டத் தொடங்கும் கொழுப்பை ஒயினின் டானினும் புளிப்பும் வழித்து எடுக்கின்றன. உணவு ஒயினைத் தணிக்கிறது, ஒயின் உணவை மீண்டும் முதல் வாய் ஆக்குகிறது. இந்தச் சக்கரம் சுழல மூன்று வேண்டும்: கொழுப்பு, புரதம், உப்பு. மதிரானுக்கு எது பொருந்தும் என்று எப்போது சந்தேகம் வந்தாலும் இந்த மூன்றும் தட்டில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வாத்து கோன்ஃபி

மூன்றும் ஒருசேர அமைந்த பண்டம் கோன்ஃபி. குளிர்பதனப் பெட்டிக்கு முந்தைய காலத்தில் குளிர்காலத்துக்கு இறைச்சியைச் சேமிக்கக் கண்டுபிடித்த வழி இது. நம் ஊரில் உப்புக்கண்டம் வெயிலை நம்பியது, கஸ்கோனி என்னும் இந்தத் தென்மேற்குப் பகுதியில் கோன்ஃபி கொழுப்பை நம்பியது.

நாலு வாத்துக் கால்கள், தலா 350 கிராம். கொழுக்க வளர்த்த வாத்தாக இருந்தால் நல்லது. கிலோவுக்கு 18 முதல் 20 கிராம் கல்லுப்பு, ஒரு டீஸ்பூன் இடித்த மிளகு, நசுக்கிய நாலு பல் பூண்டு, தைம் இரண்டு கிளை, ஒரு பிரியாணி இலை. எல்லாவற்றையும் தேய்த்து மூடி 12 முதல் 18 மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பிறகு உப்பைத் தண்ணீரில் கழுவி, துணியால் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் கொழுப்பு தெறிக்கும், சேமிப்பும் கெடும். அடிகனமான பாத்திரத்தில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வாத்துக் கொழுப்பை உருக்கிக் கால்கள் முழுவதும் மூழ்கும்படி வைத்து, 85 முதல் 95 டிகிரியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இது பொரியல் அல்ல. எப்போதாவது ஒரு குமிழி எழ வேண்டும், கொதிக்கக் கூடாது. கொதித்தால் தசை முறுக்கிக்கொண்டு நார்நாராகும், எவ்வளவு கொழுப்பில் கிடந்தாலும் வறண்டே இருக்கும். எலும்பைப் பிடித்துத் திருகினால் அசைய வேண்டும், ஆனால் கழன்று வரக் கூடாது. அதுதான் பதம்.

சேமிப்பதானால் கால்களைச் சுத்தமான ஜாடியில் அடுக்கி, கொழுப்பை மேலிருந்து மெதுவாக வடித்து ஊற்ற வேண்டும். பாத்திரத்தின் அடியில் இறைச்சிச் சாறு தனியாகத் தங்கியிருக்கும். அது ஒரு கரண்டி கலந்தாலும் கொழுப்புக்கு அடியில் புளித்துக் கெட்டுவிடும். காற்றுப் புகாத கொழுப்புக்குள் உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் போட்டுலிசக் கிருமி வளர வாய்ப்பு உண்டு. ஆகவே வெளியே அலமாரியில் வைக்காமல் 4 டிகிரிக்குக் கீழே குளிரில் வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. வீணாகாத அந்தச் சாற்றைச் சூப்பில் சேர்க்கலாம், உப்பு அதிகம் என்பதால் அளவாக.

பரிமாறும் நாளில் கால்களைக் குளிர்ந்த வாணலியில் தோல் கீழாக வைத்து, சின்னத் தீயில் பத்து நிமிடம், பிறகு 180 டிகிரி ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். தோல் அப்பளம்போல மொறுமொறுக்க வேண்டும். கூடவே அதே கொழுப்பில் வதக்கிய உருளைக்கிழங்கும், கடைசி நிமிடத்தில் தூவிய பூண்டும் பார்ஸ்லியும். பச்சைக் காய்க் கலவை வைப்பதானால் வினிகரைப் பாதியாகக் குறையுங்கள். வினிகரின் புளிப்பு மதிரானின் துவர்ப்பைச் சட்டென்று கூர்மையாக்கிவிடும்.

வாத்து நெஞ்சான மாக்ரேக்கு வேறு கணக்கு. அது கோன்ஃபிபோல வெந்து உருகுவதல்ல, உள்ளே சிவப்பாக இருக்க வேண்டியது. ஓஷ் நகரச் சமையல்காரர் ஆந்த்ரே தாகான் 1959-இல் அதை மாட்டிறைச்சி ஸ்டேக் மாதிரி சுட்டுப் பரிமாறத் தொடங்கினார், அதுவரை நெஞ்சும் கோன்ஃபி ஜாடிக்கே போனது. 350 முதல் 400 கிராம் துண்டின் தோலில், சதை வெட்டுப்படாமல், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கீறி, குளிர்ந்த வாணலியில் தோல் கீழாக வைத்து எட்டுப் பத்து நிமிடம். உருகும் கொழுப்பை அவ்வப்போது வடித்துத் திருப்பி மூன்று நாலு நிமிடம், நடுவில் 55 டிகிரி, பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு. முழுக்க வேகவைத்த மாக்ரே ஈரல்போல உலர்ந்துவிடும், மதிரானோடு சேர்ந்தால் இரண்டும் வாயை வறட்டும். தேனும் ஆரஞ்சும் ஊற்றிய மாக்ரே உணவகங்களில் கிடைக்கும், அதற்கு மதிரான் வேண்டாம். இனிப்பு பட்டதும் இந்த ஒயின் கசக்கும்.

கார்ப்யூரும் செம்மறியாட்டுப் பால் சீஸும்

போ நகரைச் சுற்றியுள்ள பெயார்ன் பகுதி வீடுகளின் அன்றாட உணவு கார்ப்யூர். சூப் என்று சொன்னாலும் கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்குக் கெட்டி. ஆறு பேருக்கு 300 கிராம் தார்ப் வெள்ளை பீன்ஸை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். இந்த பீன்ஸின் தோல் மெல்லியது, வெந்தாலும் உடையாது. இரண்டரை லிட்டர் தண்ணீரில் பன்றித் தொடை எலும்போடு ஒரு மணி நேரம் வேகவிட்டு, இரண்டு லீக்ஸ், மூன்று கேரட், இரண்டு டர்னிப் போட்டு அரை மணி, பிறகு நாலு உருளையும் வெந்நீரில் ஒரு கொதி கொதித்து எடுத்த அரை முட்டைக்கோஸும் போட்டு இன்னும் அரை மணி. கடைசியில் இரண்டு கோன்ஃபிக் கால்கள். எலும்பிலும் கோன்ஃபியிலும் உப்பு இருக்கிறது, ஆகவே முடியும் தறுவாயில் ருசி பார்த்த பிறகே உப்பைத் தொட வேண்டும். கிண்ணத்தில் கொஞ்சம் சாறு மிஞ்சியதும் அதில் ஒரு கை மதிரானை ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தை வாயில் வைத்தே குடிப்பது அந்த ஊர் வழக்கம். ஷப்ரோ என்பார்கள். சூட்டில் ஒயினின் வாசனை எழும்பும், கொழுப்புச் சாற்றில் துவர்ப்பு அடங்கிவிடும். மேலே சொன்ன வேதியியல் முழுவதையும் அந்த ஒரு கிண்ணத்தில் ருசித்துவிடலாம்.

கிழக்கே காஸ்தெல்னோதாரி, துலூஸ் பக்கத்துக் கசூலேவும் பீன்ஸ், கொழுப்பு, இறைச்சி என்ற அதே தர்க்கம். பன்றித் தோல் சேர்ந்த கசூலே கொழகொழப்பானது, அதை ஊடுருவ மதிரான் போன்ற ஒன்று வேண்டும். பிகோர் கறுப்புப் பன்றி, பிரனீஸ் மலை மேய்ச்சல் ஆட்டுக்கறி, எலும்போடு நெருப்பில் சுட்ட மாட்டு விலா ஆகியவையும் சந்தேகமில்லாத துணைகள். ஆட்டுக்கறியில் கொழுப்புள்ள தோள்பட்டையை எடுங்கள். மெலிந்த துண்டுக்கு இந்த ஒயின் அதிகம்.

சீஸில் எல்லாச் சிவப்பு ஒயினும் எல்லாச் சீஸுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை தவறு. மதிரானுக்கு உரியது ஓசோ-இராத்தி, பிரனீஸ் செம்மறியாட்டுப் பாலில் செய்து 1980 முதல் பிறப்பிடச் சான்று பெற்ற கெட்டிச் சீஸ். ஆறு மாதத்துக்கு மேல் முதிர்ந்ததாக வாங்கினால் அதன் எண்ணெய்ப்பசையும் பருப்பு வாசனையும் டானினை அணைத்துக்கொள்ளும். கூடவே கறுப்புச் செர்ரி ஜாம் வைப்பது பாஸ்க் வழக்கம், மதிரானோடு என்றால் ஜாம் நுனிக்கரண்டி அளவு போதும். நீலப் பூஞ்சணச் சீஸுக்கும் கொழுத்த ஈரலான ஃபுவா க்ராவுக்கும் இதே குன்றுகளில் விளையும் பாஷ்ரென்க் து விக்-பில் என்ற வெள்ளை ஒயினின் இனிப்பு வகையைத் திறக்க வேண்டும். ஒரே மண்ணில் இரண்டு ஒயினும் பிறந்திருக்கும்போது சிவப்பை வலிந்து திணிக்க வேண்டியதில்லை.

மீன் வேண்டாம். சிவப்பு ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பும், மத்தி போன்ற எண்ணெய் மீன்களில் அது மோசம். மிளகாய்க் காரமும் ஒத்துவராது. ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், எரியும் நாக்கில் துவர்ப்பு சுண்ணாம்பு பட்ட மாதிரி இருக்கும். பாரிஸ் தமிழ் வீடுகளில் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய மதிரானை மீன் குழம்போடோ, புளியும் மிளகாயும் தூக்கலான கறியோடோ வைத்தால் இரண்டுமே பாழ். புளியில்லாமல், மிளகாயைக் குறைத்து, மிளகும் சீரகமும் போட்டுக் கொழுப்போடு சுருள வறுத்த ஆட்டுக்கறிக்கு மட்டும் அது பக்கத்தில் உட்காரும்.

புட்டி, கிளாஸ், காலம்

வாங்கும்போது முன்பக்கச் சீட்டில் ஷாத்தோ (மாளிகை) என்று எழுதியிருப்பது தரத்துக்குச் சான்று அல்ல. "பழைய கொடிகள்" என்ற வாசகத்துக்கும் சட்டத்தில் வயது வரையறை இல்லை. பின்பக்கம் பாருங்கள். தன்னாத்தோடு கபெர்னே கணிசமாகக் கலந்து, பீப்பாய் பற்றிப் பேச்சில்லாமல் இருந்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் குடிக்கலாம். முழுத் தன்னாத், ஓக் பீப்பாயில் முதிர்ந்தது என்றால் எட்டாண்டுக்கு முன் திறப்பது அவசரம், நல்ல ஆண்டுடையது இருபது தாண்டும். முதலில் கறுப்புப் பிளம், காட்டு நாகப்பழ வகைகள், அதிமதுரம் என்று வாசனை வரும். வயதானபின் தோல், புகையிலை, ஈர மண் வாசனை எழும், துவர்ப்பு கரகரப்பிலிருந்து வெல்வெட்டுக்கு மாறும்.

இளம் மதிரானை உண்பதற்கு இரண்டு முதல் நாலு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைக்க வேண்டும். தக்கையை மட்டும் எடுத்துவிட்டுப் புட்டியிலேயே வைப்பதில் பயனில்லை, கழுத்தளவு பரப்பில் என்ன காற்றுப் படும்? பத்தாண்டைத் தாண்டியதை நேர்மாறாக நடத்த வேண்டும். ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்து மண்டி அடியில் தங்கியபின், பரிமாறும் நேரத்தில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாக ஊற்றி, மண்டி கழுத்தை நெருங்கும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்கு நாலு மணி நேரக் காற்று கொடுத்தால் இருந்த வாசனையும் போய்விடும்.

வெப்பம் 16 முதல் 18 டிகிரி. அறை வெப்பம் என்று சொன்ன காலத்து பிரெஞ்சு வீடுகளில் அறை அவ்வளவுதான் இருந்தது, கோடையில் 26 டிகிரி அறையில் வைத்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். குளிர்பதனப் பெட்டியில் முப்பது நாற்பது நிமிடம் வைத்தெடுங்கள். 14-க்குக் கீழே போனால் துவர்ப்பு விறைத்துக்கொள்ளும். வயிறு அகன்ற கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும்.

மதிரான் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு அடிக்கடி எழும். அதற்கு மூலம் 2006-இல் லண்டன் ஆய்வாளர் ரோஜர் கோர்டரின் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு. தென்மேற்குப் பிரான்சின் பாரம்பரிய ஒயின்களில் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் புரோசயனிடின் என்ற டானின் வகை அதிகம் என்று அது காட்டியது. அது உண்மை. ஆனால் ஒரு பொருள் சோதனைக்கூடத்தில் வேலை செய்வது வேறு, ஆல்கஹாலோடு அதைக் குடிப்பது வேறு. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருந்தென்று நினைத்து யாரும் இதைக் குடிக்க வேண்டாம்.

மிஞ்சிய ஒயினை மூடிக் குளிரில் வைத்தால் இளம் மதிரான் மறுநாளும் தாங்கும், சில சமயம் முதல் நாளைவிடச் சாந்தமாக இருக்கும். மூன்று நாளுக்கு மேல் போனதைச் சமையலுக்கு எடுக்கலாம். ஒரு கிலோ மாட்டுக் கன்னத்தசைக்கு அரை லிட்டர் போதும், மூடிபோட்டுச் சின்னத் தீயில் மூன்றரை மணி. சுண்டச் சுண்ட டானினும் செறிந்து குழம்பு கசக்கும் என்பதால், கையளவு பன்றித் தோல் துண்டுகளை ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். அதன் ஜெலட்டின் டானினைப் பிடித்துக்கொள்ளும். பன்றித் தோல் கிடைக்காவிட்டால் கன்றுக்குட்டிக் கால் ஒன்று, இரண்டாகப் பிளந்தது.